காலி நாற்காலியில் ஒரு தொரப்பள்ளிக்காரர்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்களைத் தொரப்பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். ஓசூரிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கலாம். தென்பெண்ணை ஓரத்து ஊர். அங்கே ஒரு சின்ன வீடு, உள்ளே சுவரில் புகைப்படங்கள். வரிசையாக நிற்க வைத்து வாத்தியார் சொன்னார்: "இந்த வீட்டுல பொறந்தவருதான் இந்தியாவோட கடைசி கவர்னர் ஜெனரல். ராஜாஜி. நம்மூருக்காரரு."

பின் வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "சார், கவர்னர் ஜெனரல்னா என்ன வேல சார்?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "கையெழுத்து போடுற வேலடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அந்தப் பதில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு இருபது வருடம் ஆனது. இடையில் தாத்தாவோடு நிறைய சண்டை போட வேண்டியிருந்தது. அந்தச் சண்டையைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் அந்த நாற்காலி என்ன என்று பார்த்துவிடலாம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா சுதந்திரம் பெற்றது, ஆனால் குடியரசு ஆகவில்லை. நடுவில் இரண்டரை வருடம் நாம் ஒரு 'டொமினியன்'. பிரதமர் நேரு. அரசுத் தலைவர் என்று பார்த்தால் லண்டனில் இருந்த ஆறாம் ஜார்ஜ் மன்னர். மன்னர் இங்கே வந்து உட்கார முடியாது என்பதால் அவர் சார்பில் ஒருவர் டில்லியில் இருப்பார். அவர்தான் கவர்னர் ஜெனரல். 1947க்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்தவருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அவர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டியவர். பெயர் பழையது, மாளிகை பழையது, உள்ளே இருந்த அதிகாரம் மட்டும் போய்விட்டது.

முதலில் மவுன்ட்பேட்டன் இருந்தார். 1947 நவம்பரில் அவர் இளவரசி எலிசபெத்தின் கல்யாணத்துக்கு லண்டன் போனபோது, மேற்கு வங்க கவர்னராக இருந்த ராஜாஜி இரண்டு வாரம் அவர் இடத்தில் உட்கார்ந்தார். பிறகு 1948 ஜூன் 21 அன்று முழுநேரமாகவே பொறுப்பேற்றார். மறுநாளே, ஜூன் 22 அன்று, பிரிட்டிஷ் மன்னர் 'இந்தியப் பேரரசர்' என்ற பட்டத்தைச் சட்டப்படி கைவிட்டார். தொரப்பள்ளி முன்சீப் சக்கரவர்த்தி வெங்கடராய ஐயங்காரின் மகன் வைஸ்ராய் மாளிகைக்குள் நுழைந்த மறுநாள் இந்தியாவுக்குப் பேரரசர் இல்லாமல் போனார். தற்செயல்தான். ஆனாலும் யோசித்தால் கொஞ்சம் சிலிர்க்கிறது.

முன்னூற்று நாற்பது அறைகள் கொண்ட மாளிகை. வைஸ்ராய்கள் படுத்த அறை தனக்கு ரொம்பவே ஆடம்பரமாக இருக்கிறதென்று ராஜாஜி சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டார். அதற்குப் பின் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தச் சின்ன அறைகளில்தான் குடியிருக்கிறார்கள். பழைய பெரிய அறைகள் விருந்தாளிகளுக்கு என்றாகிவிட்டன. நாட்டில் உணவுப் பஞ்சம் இருந்த நேரம் அது. மாளிகை நிலத்தில் ஒரு பகுதியைத் தானே ஏர் பிடித்து உழுது கோதுமை போட வைத்தார். 1949 ஆகஸ்ட் 15 அன்று அதே மாளிகையின் கூடங்களில் தேசிய அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார்.

இதையெல்லாம் வெறும் பாவனை என்று சொல்லிவிடலாம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதிகாரம் இல்லாத பதவியில் பாவனைதானே வேலை? எந்த அறையில் தூங்குகிறார், தோட்டத்தில் என்ன விளைகிறது, எந்தக் கதவை மக்களுக்குத் திறக்கிறார் என்பதெல்லாம்தான் அந்தப் பதவி பேசும் மொழி. வைஸ்ராய்கள் பேசிய மொழியை அந்த வீட்டிலிருந்து துடைக்க யாராவது ஒருவர் தேவைப்பட்டார். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்தக் கதர்வேட்டிக்காரர் அதைச் செய்தார்.

2

இனி கையெழுத்து.

என் அப்பா ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் மிஷின் ஓட்டினார். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று வாரத்துக்கு ஒரு தடவை வீட்டின் தூக்கமே மாறும். மாதக் கடைசியில் ஓடி வந்தால் அம்மாவுக்கு ஒரு கணக்கு இருக்கும். ஓடி என்றால் ஓவர்டைம். "டபுள் போட்டுருக்கானா பாருங்க" என்பாள். இரட்டைச் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, பல் டாக்டர் எல்லாமுமாக இருந்தது.

அந்த 'டபுள்' எங்கிருந்து வந்தது என்று நான் ரொம்ப நாள் யோசித்ததில்லை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம். வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கினால் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன். இந்தியத் தொழிலாளியின் வேலை நாளைப் பல பத்தாண்டுகள் வரையறுத்த சட்டம் அது. அதற்கு கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைத்த தேதி 1948 செப்டம்பர் 23. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் ராஜாஜி.

அந்தச் சட்டத்தை அவர் எழுதவில்லை. வேண்டாமென்று சொல்லும் நிலையிலும் இல்லை. அரசியல் சிந்தனையில் அவர் தொழிலாளர் பக்கம் நின்றவர் என்று சொல்வதும் கஷ்டம். 1959இல் அவர் தொடங்கிய சுதந்திரா கட்சி எந்தப் பக்கம் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சபை நிறைவேற்றியதற்கு அவருடைய ஒப்புதல் போனது. அவருக்குப் பிடித்ததா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்தக் கேள்வி எழாமல் இருப்பதுதான் அந்த நாற்காலியின் சிறப்பு. ஓசூரில் சிப்காட் வருவதற்கு இருபது வருடத்துக்கும் முன்னால், ஓசூர் தாலுகாவில் பிறந்த ஒருவர் காலத்தில் டில்லியில் ஒப்புதலான தாள், எங்கள் வீட்டு மாதக் கடைசிக்கு வந்து சேர்ந்தது.

'கையெழுத்து போடுற வேலடா' என்று வாத்தியார் சொன்னபோது நாங்கள் சிரித்திருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

3

சரி, அப்படியானால் கையெழுத்துப் போட ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதாதா? ஆள் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் போய்ச் சேர்ந்த இடம் பசிபிக் பெருங்கடல். நாம் 1950இல் விட்டுவிட்டு வந்த அந்தப் பதவி அங்கே இன்னமும் உயிரோடு இருக்கிறது. பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், துவாலு ஆகிய மூன்றுக்கும் அரசுத் தலைவர் இன்றைக்கும் பிரிட்டிஷ் மன்னர்தான். அவர் சார்பில் உள்ளூர்க்காரர் ஒருவர் கவர்னர் ஜெனரல்.

துவாலுவின் மக்கள்தொகை பதினோராயிரம் அளவுதான். ஓசூர் மாநகராட்சியின் நாற்பத்தைந்து வார்டுகளில் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். 2013இல் அங்கே பிரதமர் வில்லி டெலாவி பெரும்பான்மை இழந்துவிட்டார் என்ற நிலை வந்தது. இடைத்தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. அவர் செய்தது எளிமையான ஒரு காரியம். நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. சபை கூடினால்தானே நம்பிக்கையில்லாத் தீர்மானம்? கவர்னர் ஜெனரல் இயாகோபா இட்டாலெலி சபையைக் கூட்டச் சொன்னார். கூடிய பிறகும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று அவர் பிரதமரைப் பதவியிலிருந்து நீக்கினார். பிரதமரோ கவர்னர் ஜெனரலையே நீக்கிவிட்டதாக லண்டனுக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களில் சபை ஓட்டுப் போட்டு எனேலே சொபொவாகாவைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. கவர்னர் ஜெனரல் திரும்பவும் ரிப்பன் வெட்டப் போய்விட்டார்.

அவர் யாரையும் பிரதமர் ஆக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டியிருந்த கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். உள்ளே போய் முடிவெடுத்தவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்.

ஆனால் அதே கடலில் இன்னொரு கதையும் உண்டு. ஃபிஜி. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 தொடங்கிக் கப்பல் கப்பலாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஃபிஜி. அங்கே 1987 ஏப்ரலில் டிமோசி பவத்ரா பிரதமரானார். அவர் ஃபிஜிப் பழங்குடிதான், ஆனால் அவருடைய ஆட்சி இந்திய வம்சாவளியினரின் பெரும் ஆதரவில் நின்றது. மே 14 அன்று சித்திவேனி ரம்புகா என்ற ராணுவ அதிகாரி நாடாளுமன்றத்துக்குள் ஆட்களோடு நுழைந்து ஆட்சியைக் கவிழ்த்தார். கவர்னர் ஜெனரல் ரத்து சர் பெனாயா கனிலாவ் பல மாதம் சமரசம் பேசிப் பார்த்தார். அக்டோபரில் ரம்புகா நாட்டைக் குடியரசு என்று அறிவித்துவிட்டார். கனிலாவ் பதவி விலகினார். டிசம்பரில் அதே கனிலாவ் அந்தக் குடியரசின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். கவிழ்க்கப்பட்ட ஆட்சி திரும்பி வரவில்லை.

ஆக, இந்த நாற்காலி தன்னளவில் யாரையும் காப்பாற்றாது. துப்பாக்கி முன்னால் அது வெறும் மரம். சபை இருக்கும்வரை, சபைக்கு வழி விடுவதுதான் அதன் ஒரே பலம். காலியாக இருப்பது அதன் குறை இல்லை. அதை நிரப்பிக்கொள்ள ஆசைப்படுகிறவர் வந்து உட்காரும்போதுதான் வம்பு.

4

ராஜாஜி அந்த நாற்காலியில் இருந்தது பத்தொன்பது மாதம். ஹைதராபாத் விவகாரத்தில் நேருவும் படேலும் முட்டிக்கொண்ட நேரத்தில் நடுவில் உட்கார்ந்து பேசினார். இரண்டு பேரும் மதித்த ஆள். ஆலோசனை சொன்னார், எச்சரித்தார், பிறகு ஒதுங்கினார்.

குடியரசு ஆகும்போது அவரே முதல் ஜனாதிபதி ஆகட்டும் என்பது நேருவின் விருப்பம். இலங்கையில் பின்னாளில் அப்படித்தான் நடந்தது. 1972 மே 22 அன்று கவர்னர் ஜெனரல் வில்லியம் கோபல்லவ அப்படியே ஜனாதிபதி கோபல்லவ ஆனார். இங்கே நடக்கவில்லை. 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை ராஜாஜி எதிர்த்ததைக் காங்கிரஸ்காரர்கள் மறக்கவில்லை. 1949 செப்டம்பரில் நேரு ராஜேந்திர பிரசாத்துக்கு ஒரு கடிதம் எழுதி ராஜாஜிக்கு வழி விடும்படி கேட்கப்போய், பிரசாத் வருத்தப்பட்டார். கட்சிக்குள் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் பிரசாத் போட்டியில்லாமல் தேர்வானார்.

1950 ஜனவரி 26 காலை 10.18க்கு தர்பார் மண்டபத்தில் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் ராஜாஜி. ஆறு நிமிடம் கழித்து பிரசாத் பதவியேற்றார். தனக்குக் கிடைக்காமல் போன நாற்காலிக்கான அறிவிப்பைத் தானே வாசித்துவிட்டு, தன்னுடைய பதவியை இந்தியாவிலிருந்தே இல்லாமல் செய்துவிட்டு, மேடையை விட்டு இறங்கினார். அந்த ஆறு நிமிடம் எனக்குப் பிடிக்கும். ராஜாஜியை நான் முழுசாக மதிக்கும் ஒரு இடம் உண்டென்றால் அது அந்த ஆறு நிமிடம்தான்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோதுதான் சண்டை.

5

என் தாத்தா தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் மண்பானை செய்த குடும்பம். வீட்டில் பாதித் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். 1953இல் அவர் மூன்றாம் வகுப்பு.

அந்த வருடம் சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி. அவர் அந்த நாற்காலிக்கு வந்த விதம் தனிக் கதை. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து தங்களுக்குத்தான் பெரும்பான்மை என்றன. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவர்களைக் கூப்பிடவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர்நீதிமன்றத்துக்குப் போனார், மனு தள்ளுபடி ஆனது. ராஜாஜி பிறகு சபையில் பெரும்பான்மையைக் காட்டினார் என்பதும் உண்மை. ஆனால் முதல் கதவைத் திறந்தது சபை இல்லை, கவர்னர்.

ஒதுங்கி நிற்பதை டில்லியில் அவ்வளவு நன்றாகச் செய்தவர், ஒதுங்கி நிற்காத ஒரு கவர்னரின் தயவில் கோட்டைக்கு வந்தார். ஆட்டுத்தாடி உவமையைக் கேட்டு வளர்ந்த தமிழ்நாட்டுக்கு கவர்னர் பதவி மேல் இருக்கும் சந்தேகத்துக்கு ஒரு வேர் அந்த 1952இல் இருக்கிறது.

அடுத்த வருடம் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், இரண்டு முறையாக. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். இருக்கும் பள்ளிகளையும் வாத்தியார்களையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது ராஜாஜி சொன்ன நியாயம். பணமில்லாத அரசாங்கத்தின் கணக்காக அதைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் பெற்றோரின் தொழில் என்பது இந்த நாட்டில் சாதி. அதனால்தான் எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். பெரியாரும் தி.மு.க.வும் தெருவில் இறங்கினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்து, அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டார்.

ஒரு வருடம்கூட முழுதாக நடக்காத திட்டம் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். ஒரு வருடம் என்பது யாருக்கு? தாத்தாவுக்கு அது மூன்றாம் வகுப்பு. மத்தியானம் வீட்டில் இருக்கிறவன் மண் மிதிக்கலாமே என்று அவருடைய அப்பா ஆரம்பித்தார். பிறகு காலையிலும் மண் மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. திட்டம் போன பிறகு, 'திரும்ப வாங்கடா' என்று பள்ளி கூப்பிட்டபோது, தாத்தா சூளைக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பப் போகவில்லை.

தர்பார் மண்டபக் கதையை நான் ஆர்வமாகச் சொல்லி முடித்ததும் அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "டில்லில சும்மா உக்காந்திருந்த வரைக்கும் நல்லவருதாம்மா அவரு. இங்க வந்து வேல செய்ய ஆரம்பிச்சாரு பாரு, அங்கதான் வந்தது வென."

எனக்குக் கோபம் வந்தது. சும்மா உட்காரவில்லை தாத்தா, அதுவும் வேலைதான், உன் மகன் வாங்கின ஓவர்டைமுக்குச் சட்டம் வந்தது அவர் ஒப்புதலில்தான் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அந்தச் சட்டத்த அவரு யோசிச்சாரா?"

"இல்ல. சபை யோசிச்சது. அவரு ஒத்துக்கிட்டாரு."

"ஸ்கூல் சட்டத்த?"

"அது... அவரோட யோசனைதான்."

தாத்தா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

6

தாத்தா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் சொன்னது முழு நியாயம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ராஜாஜி செய்த வேலைகளில் நல்லவையும் உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் அவர் கொண்டுவந்த மதுவிலக்கைப் பற்றி இந்தப் பக்கத்துக் கிழவிகள் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓசூர் அன்றைக்குச் சேலம் மாவட்டம்.

ஆனால் தாத்தா கேட்ட இரண்டு கேள்விகளும் என்னைவிட்டுப் போகவில்லை. அறிவாளி ஒருவர் தன்னைச் சுருக்கிக்கொண்டு, சபையின் முடிவுக்குக் கையெழுத்திட்ட இடத்தில் எங்கள் வீட்டுக்கு நன்மை வந்தது. அதே அறிவாளி, எல்லோருக்கும் எது நல்லதென்று தனக்குத் தெரியும் என்று நம்பிய இடத்தில் எங்கள் வீட்டில் ஒரு பையனின் படிப்பு நின்றது. இரண்டு இடத்திலும் ஆள் ஒன்றுதான். நாற்காலிதான் வேறு.

அலங்காரப் பதவி என்று இளப்பமாகச் சொல்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மேலே ஒருவர் எதற்கு என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாட்டின் உச்சியில் ஒரு இடம் காலியாக இருக்க வேண்டும், யாருடைய விருப்பமும் அங்கே போய் உட்காரக் கூடாது, அந்த இடத்தைக் காவல் காக்க ஒருவர் வேண்டும் என்று அதைப் பார்த்தால் அது அலங்காரம் இல்லை. ரொம்பக் கடினமான வேலை. அதைப் பத்தொன்பது மாதம் ஒழுங்காகச் செய்தவர் எங்கள் ஊர்க்காரர்.

போன மாதம் திரும்பவும் தொரப்பள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் கம்பெனிப் பேருந்துகள். ஷிப்ட் முடிந்த பெண்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சின்ன வீட்டில் கவர்னர் ஜெனரல் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அவன் அம்மாவிடம், "இவரு யாரும்மா?" என்று கேட்டான்.

அம்மா படத்தின் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள். "நீயே படி பாக்கலாம்" என்றாள்.

அவன் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். படித்து முடிக்கும்வரை நானும் அங்கேயே நின்றேன்.